‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்பது ஆய்வுச் சிக்கல் ஆகுமா?

கேள்வி: மார்ச் 3, 2024

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கல்வியியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து ஓராண்டு ஆகிறது. சென்ற வாரம் ஆய்வுக்குழுவின் முன் என் ஆய்வுச் சிக்கலை இவ்வாறு வைத்தேன்: “அரசுப் பள்ளிகளில் தொடக்கநிலை மாணவர்களின் தமிழ் வாசிப்புத் திறன் குறைந்துவருகிறது. இது அவர்களுடைய மேற்படிப்பைப் பாதிக்கிறது. இம்மாவட்டத்தில் இதுகுறித்து இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆகவே இவ்வாய்வு தேவைப்படுகிறது.” குழுவில் ஒருவர், “இது சிக்கல் இல்லை, கவலை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் ஆராயாததை ஆராய்வதுதான் முனைவர் பட்டத்துக்கு இலக்கணம் என்று நான் நினைத்திருந்தேன். இதில் என்ன பிழை?

பதில்: மார்ச் 3, இரவு

குழுவில் அப்படிச் சொன்னவர் பக்கமே நான் நிற்கிறேன். உங்கள் மாவட்டத்து மாணவர்களின் செருப்பு அளவையும் இதுவரை யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். அதற்காக அதற்கு ஆறு ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. இடைவெளி என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பக்கமும் கரை இருக்க வேண்டும். இந்தப் பக்கம் இதுவரை அறிந்தது எது, அந்தப் பக்கம் அதனோடு பொருந்தாமல் நிற்பது எது என்று காட்டினால்தான் நடுவில் இருப்பது இடைவெளி. இரு கரையும் இல்லாவிட்டால் அது வெறும் வெளி.

உங்கள் நான்கு வாக்கியங்களில் முதலாவது ஒரு செய்தி, இரண்டாவது ஓர் அச்சம், மூன்றாவது ஓர் இன்மை, நான்காவது ஒரு விண்ணப்பம். சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் அடங்காவிட்டால் அது உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று கொள்ளுங்கள்.

மார்ச் 5

நேற்று முன்தினம் எழுதியது தேர்ந்தவன் போல ஒலிக்கிறது; நான் அப்படித் தேர்ந்து வந்தவன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2011இல் சமூகவியலில் பதிவு செய்தபோது என் தலைப்பு சிவகங்கைப் பகுதிக் கண்மாய்கள் பற்றியது. நான் முதலில் எழுதிய சிக்கல் பகுதி பதினொரு பக்கம் நீண்டது. மன்னர் காலத்து நீர்ப்பாசனப் பெருமையில் தொடங்கி, ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து ஆங்கிலேயர் ஆட்சியில் சிதைந்த கதையைச் சொல்லி, ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலம், வண்டல், அரசின் அலட்சியம் என்று வரிசையாகப் புலம்பி, “ஆகவே கண்மாய்கள் அழிந்துவருகின்றன” என்று முடித்திருந்தேன். என் நெறியாளர் அதை முழுவதும் படித்தார் என்று இன்றும் என்னால் நம்ப முடியவில்லை, ஆனால் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் “உனக்கு இதில் எது புரியவில்லை?” என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்கு எல்லாமே புரிந்திருந்தது, அதுதான் கோளாறு. எல்லாம் புரிந்திருப்பவன் எதை ஆராயப் போகிறான்?

அதன் பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு புத்தகங்களோடு போயிற்று. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரு பொது விளக்கத்தைச் சொல்லின: விவசாயிகள் தனிக் கிணறுகளும் மின்மோட்டார்களும் வைத்துக்கொண்டபோது கண்மாயின் மேல் அவர்களுக்கு இருந்த பிடிப்பு தளர்ந்தது, மராமத்துக்கு ஆள் வருவது நின்றது, கூட்டு ஏற்பாடு குலைந்தது. விவசாய மின்சாரம் இலவசமானது இதை இன்னும் விரைவுபடுத்தியது. கேட்பதற்கு முழுமையாக இருக்கும் விளக்கம் இது, நானும் அதை ஏற்றுக்கொண்டுதான் ஊருக்குப் போனேன்.

போன இடத்தில் நீர் வந்துசேரும் ஒரே வரத்துக்காலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கண்மாய்களைப் பார்த்தேன். மேல் கண்மாய் ஊரில் கிணறுகள் குறைவு, ஆனால் மடை திறப்பதற்கு ஆள் இல்லை. மடை திறந்து வயல்களுக்கு நீரைப் பங்கிடும் பழைய நீர்பாய்ச்சி இறந்தபின் வேறொருவரை யாரும் வைக்கவில்லை. கீழ்க் கண்மாய் ஊரில் ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், முழுவதும் கிணறுகள். அங்கே நீர்பாய்ச்சிக்கு அறுவடையின்போது நெல் அளந்துகொண்டிருந்தார்கள், அதிலும் கிணறு வைத்திருந்தவர்கள் முன்னின்று அளந்தார்கள். படித்த விளக்கத்தின்படி இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அன்று மாலை பேருந்துக்குக் காத்திருந்தபோது குறிப்பேட்டில் எழுதிய வாக்கியம் இது: “கிணறு பெருகினால் கூட்டு நீர் நிருவாகம் குலையும் என்றால், கிணறு மிகுந்த இந்த ஊரில் அது ஏன் குலையவில்லை, கிணறு குறைந்த அந்த ஊரில் ஏன் குலைந்தது?” என் பதினொரு பக்கமும் செய்யாத வேலையை அந்த வாக்கியம் செய்தது.

மார்ச் 6

மேலே நீர்பாய்ச்சி, கண்மாய் என்றெல்லாம் எழுதியது வட மாவட்டத்தாருக்கு அந்நியமாக இருக்கலாம். அங்கே ஏரி, நீர்க்கட்டி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் போனால் குளம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் வரைவில் எல்லா இடத்திலும் ‘நீர்நிலை’ என்றே எழுதியிருந்தேன். அந்தப் பொதுச் சொல்லுக்குள் மடை, கலுங்கு, வரத்துக்கால், நீர்பாய்ச்சி எல்லாம் கரைந்து போயிருந்தன, அவற்றோடு சிக்கலும் கரைந்து போயிருந்தது. உங்கள் வரைவில் ‘வாசிப்புத் திறன்’ என்பது என் ‘நீர்நிலை’யைப் போன்றது என்று சந்தேகிக்கிறேன்.

மார்ச் 10

நீங்கள் மறுமொழியில், “குறைந்துவருவது கண்கூடு, அதற்கு ஆதாரம் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை வலியுறுத்துகிறார்: ஒன்றை விளக்கப் புகுமுன் அப்படி ஒன்று நிகழ்கிறதா என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். எளிமையான இந்த விதியில் வழுக்கி விழாதவர்கள் குறைவு.

நானே வழுக்கினேன். “கண்மாய்கள் அழிந்துவருகின்றன” என்று எழுதினேன் அல்லவா, அரசுப் பதிவேடுகளைப் புரட்டினால் தமிழகத்தில் ஏரி, கண்மாய்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுமார் 39,000 என்றே நிற்கும். பதிவேட்டில் ஏரி சாவதே இல்லை. மாறியிருந்தது பாசனப் பரப்பு: 1960களின் தொடக்கத்தில் ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2000 வாக்கில் ஆறு லட்சத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பரப்பும் மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். தொடக்கத்துக்கு ஒரு நல்ல மழை ஆண்டையும் முடிவுக்கு ஒரு வறட்சி ஆண்டையும் எடுத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய வீழ்ச்சியையும் காட்டிவிடலாம்.

உங்கள் செய்திக்கு வருவோம். ‘குறைந்துவருகிறது’ என்றால் எப்போதிலிருந்து, எதனால் அளந்து? குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் (ASER) அறிக்கை 2005 முதல் வருகிறது. ஊரகப் பகுதிகளில் வீடுவீடாகச் சென்று, ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக உரக்க வாசிக்கச் சொல்லி அளக்கிறார்கள். அதில் மிக உயர்ந்த படி, இரண்டாம் வகுப்பு நிலையிலான ஒரு சிறு பகுதியை வாசிப்பது. தேசிய அடைவு ஆய்வோ பள்ளிக்குள், அன்று வந்திருக்கும் மாணவர்களிடம், தேர்வுத்தாளில் விடை தெரிவு செய்யச் சொல்லி நடத்தப்படுவது. இரண்டும் ஒரே மாநிலத்தைப் பற்றி ஒரே கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இனி எண்களைப் பாருங்கள்: மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பகுதியை வாசிக்க முடிந்தவர்கள் நாடு முழுவதற்குமாக ஏசர் கணக்கில் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5 விழுக்காடு. குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் 2018க்கு முந்தைய சில சுற்றுகளில் அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இடையில் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன, நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்ததே 2021 நவம்பர் 1இல். ஆக, நெடுங்காலமாகச் சரிந்துவரும் ஒன்றையா, பள்ளி மூடியதால் விழுந்து எழுந்துகொண்டிருக்கும் ஒன்றையா நீங்கள் ஆராய்கிறீர்கள்? இரண்டுக்கும் காரணம் வேறு, ஆய்வும் வேறு. உங்கள் வாக்கியம் இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் மூடிவிட்டது.

மார்ச் 11

இன்னொரு நண்பர் தம் வரைவை அனுப்பியிருந்தார். ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்குகிறது, தலைப்பு கைபேசிப் பயன்பாடு. நெருப்பிலிருந்து கைபேசிக்கு வந்து சேர நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. மனித குலம் எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது விரைவுதான்.

மார்ச் 17

“வகுப்பறையில் நான் படும் பாடு உங்களுக்குத் தெரியாது, அது காகிதச் சிக்கல் இல்லை” என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. முதல் குறிப்பில் நான் இதைச் சரியாகப் பிரிக்கவில்லை. இரண்டு வகைச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, வாழ்க்கையில் இருப்பது: குழந்தைகள் வாசிக்கத் தடுமாறுகிறார்கள், கண்மாயில் நீர் நிற்கவில்லை. இதைத் தீர்ப்பது திட்டத்தின் வேலை, பணத்தின் வேலை, ஆள்பலத்தின் வேலை; 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது இதற்காகத்தான். மற்றொன்று, அறிவில் இருப்பது: இந்தத் தடுமாற்றத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் விளக்கம் ஓரிடத்தில் செல்லுபடியாகவில்லை. முனைவர் பட்ட ஆய்வு தீர்ப்பது இரண்டாவதை. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் வைத்தால் உலர்ந்து போகும். முதலாவதை மட்டும் வைத்தால் குழு அதைக் கவலை என்று சொல்லும், சொல்லியும் விட்டது.

தமிழில் இதற்கு நாம் வழங்கும் சொல்லே உதவிக்கு வருகிறது. ‘பிரச்சினை’ என்னும்போது ஒரு தொல்லை மட்டுமே மனத்தில் தோன்றுகிறது. ‘சிக்கல்’ என்னும்போது நூல் தோன்றுகிறது. ஒற்றை இழை நேராகக் கிடந்தால் அதில் சிக்கல் விழாது. இரண்டு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றை இழுத்தால் மற்றொன்று இறுகும் நிலையைத்தான் நெசவு செய்பவர்கள் சிக்கு என்பார்கள். எந்த இழையும் எந்த இழையும் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டன என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. வகுப்பில் உங்களை வருத்தியதைச் சொல்லாமல், உங்களை வியக்க வைத்த ஒன்றைச் சொல்லுங்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக ஒரு குழந்தை செய்தது ஏதாவது இருக்கும்.

மார்ச் 24

நீங்கள் எழுதியிருப்பதை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவி பாடப்பகுதியைத் தங்குதடையின்றி உரக்க வாசிக்கிறாள். வாசித்ததில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கிறாள். அதே கதையை நீங்கள் பேச்சுத்தமிழில் சொல்லிவிட்டுக் கேட்டபோது மணிமணியாகத் திருப்பிச் சொல்கிறாள். பக்கத்தில் இருக்கும் பையன் எழுத்துக்கூட்டித் திணறி வாசிக்கிறான், ஆனால் கதையைச் சொல்லிவிடுகிறான். மாவட்ட மதிப்பீட்டில் அவள் மேல்படியிலும் அவன் கீழ்ப்படியிலும் இருக்கிறார்கள்.

இதை ஏன் குழுவிடம் சொல்லவில்லை? நான்கு வாக்கியத்தில் ஒன்றிலாவது இந்த இரண்டு குழந்தைகள் வந்திருந்தால் அந்த உறுப்பினர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ‘வாசிப்புத் திறன்’ என்று நீங்கள் ஒரே சொல்லில் கட்டி வைத்திருந்த மூட்டை இங்கே அவிழ்கிறது: உரக்க வாசித்தல் ஒன்று, பொருள் கொள்ளல் இன்னொன்று, எழுத்துத் தமிழைச் செவியால் கேட்டுப் புரிந்துகொள்ளல் மூன்றாவது. படிநிலை அளவுகோல் முதலாவதை மட்டுமே பார்க்கிறது.

மார்ச் 26

இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது என் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தும் பொருள் கொள்ளாத குழந்தைகளைப் பற்றி உலகெங்கும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் முன்வைத்த எளிய சூத்திரம் ஒன்று புகழ்பெற்றது: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் பொருள்கொள்ளல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இதைப் படித்த தேர்வாளர், “உங்கள் மாணவிக்கு இரண்டாவது காரணி குறைவு, அவ்வளவுதானே?” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நீங்கள் கண்டது அவருக்குத் தெரிந்த ஒன்றின் இன்னோர் எடுத்துக்காட்டாகிவிடும்.

ஆனால் அவர் அப்படி முடித்துவிட முடியாத ஓர் இடம் உங்கள் சான்றிலேயே இருக்கிறது. அவள் பேச்சுத்தமிழில் கேட்டதை நன்றாகப் புரிந்துகொள்கிறாள். அப்படியானால் அவளுடைய ‘மொழியைப் புரிந்துகொள்ளும் திறன்’ பூச்சியமா, நிறைவா? சூத்திரம் அதை ஒரே அளவாக எடுத்துக்கொள்கிறது. வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று கேட்டு வளரும் குழந்தை ஏட்டில் ‘வந்துவிட்டார்கள்’ என்று வாசிக்கும்போது, அந்த ஒன்று இரண்டாகப் பிளக்கிறது. எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு வேறொன்றுமாக ஒரே மொழி நிற்பதை இரட்டை வழக்கு என்பார்கள்; மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் அதைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து தமிழ் அதற்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டு வருகிறது. அரபு மொழியில் இரட்டை வழக்கு தொடக்க வாசிப்பை எப்படித் தொடுகிறது என்று எலினோர் சாய்க்-ஹதாத் 2003இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அங்கிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். அரபு எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பாருங்கள். நம் எழுத்தில் ஒலி ஏறத்தாழ எழுத்தோடு ஒட்டி நிற்பதால், பொருள் தெரியாமலே வழுவழுப்பாக வாசித்துவிட வாய்ப்பு கூடுதலா என்று கேட்கத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஊகத்தைச் சிக்கலாக எழுதிவிடாதீர்கள்.

மார்ச் 26, சற்றுப் பின்

‘ஒட்டி நிற்பது’ என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கின்றன; ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ககரத்தின் ஒலி வேறு. கொம்பும் இணைக்கொம்பும் மெய்யின் இடப்புறம் நின்றாலும் அதன் பிறகே ஒலிக்கின்றன. எழுத்தோடு ஒட்டியது என்பதைவிட, பழகியபின் பிடிபடும் ஒழுங்கு உடையது என்பது பொருந்தும். கவனம் தப்பி எழுதிய ஒரு சொல்லே ஒரு பொய்யான கரையைக் கட்டிவிடும் என்பதற்கு நானே சான்றாகிவிட்டேன்.

ஏப்ரல் 21

நீங்கள் மூன்று வாரமாகக் காணாமல் போனதற்குத் தேர்தல் பணி காரணம் என்று இப்போது தெரிகிறது. ஏப்ரல் 19 முடிந்துவிட்டதால் இனி வேலையைத் தொடரலாம்.

புதிய வரைவைப் பார்த்தேன். இரட்டை வழக்கு வந்துவிட்டது, நல்லது. ஆனால் கடைசி வாக்கியம் “ஆகவே பேச்சுத்தமிழ் வழிக் கற்பித்தல் தொகுப்பு இல்லாமை ஒரு சிக்கலாக உள்ளது” என்று முடிகிறது. இது நம் கல்வியியல் ஆய்வேடுகளின் பரம்பரை நோய். தீர்வை முன்கூட்டியே மடியில் கட்டிக்கொண்டு வந்து, அது இல்லாததைச் சிக்கல் என்று எழுதிவிடுகிறோம். பிறகு தொகுப்பு ஒன்றைத் தயாரித்து, ஒரு வகுப்புக்குக் கொடுத்து, மற்றொரு வகுப்புக்குக் கொடுக்காமல், முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து, “தொகுப்பு விளைவுத்திறன் மிக்கது” என்று முடிக்கிறோம். விளைவுத்திறன் அற்ற தொகுப்பு ஒன்றையாவது நம் நூலகங்களில் கண்டவர்கள் எழுதுங்கள். எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. தலைவலிக்கு மாத்திரை இல்லாமை நோய் ஆகாது. அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு அந்த மாணவியிடம் திரும்புங்கள்.

ஏப்ரல் 28

முதல் குறிப்பில் “ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்” என்று நான் விதித்ததைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வரி நீளும் ஒரே வாக்கியத்தை அனுப்பியிருக்கிறீர்கள். தவறு என்னுடையது. ஒரு வாக்கியம் என்றது உங்கள் மேசைச் சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு; குழுவுக்கு ஒன்று முதல் இரண்டு பக்கம் வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு நடை உண்டு. ஜான் ஸ்வேல்ஸ் 1981இல் 48 ஆய்வுக்கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்துக்கொண்டு அவை எப்படி நகர்கின்றன என்று பார்த்தார்; 1990இல் அதைத் திருத்தி மூன்று நகர்வுகளாகச் சொன்னார். முதலில் நிலப்பரப்பைக் காட்டுவது, பிறகு அதில் ஒரு வெற்றிடத்தைக் காட்டுவது, பிறகு அதில் தாம் குடியேறுவது. இந்த நடையை நம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டாவது நகர்வை ‘யாரும் செய்யவில்லை’ என்று சுருக்கிவிட்டார்கள். ஸ்வேல்ஸ் அங்கே பல வழிகளைச் சொல்கிறார்: முன்னவர் கூற்றை மறுக்கலாம், கேள்வி எழுப்பலாம், ஒரு மரபைத் தொடரலாம். அல்வெசன், சாண்ட்பெர்க் என்ற இருவர் 2011இல் இன்னும் கடுமையாக, இடைவெளி தேடுவதையே விட்டுவிட்டு, ஒரு துறை எதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறதோ அந்த அனுமானத்தைக் கேள்விக்கு உட்படுத்துங்கள் என்றார்கள். உங்கள் ஆய்வு அந்த வழியில் போகக்கூடியது. ‘மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்றே’ என்பது ஓர் அனுமானம். ஆனால் முதல் ஆய்விலேயே ஒரு துறையின் அடித்தளத்தைப் பெயர்க்கப் போகிறேன் என்ற குரலில் எழுதினால், குழுவில் ஒருவராவது அந்த அடித்தளத்தின்மேல் வீடு கட்டியவராக இருப்பார். குரலைத் தாழ்த்தி எழுதுங்கள்.

மே 12

மாறிகள். பாலினம், இருப்பிடம், பள்ளி வகை, பெற்றோர் கல்வி, குடும்ப வருமானம் என்று ஐந்து மாறிகளையும், ஒவ்வொன்றுக்கும் “குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை” என்ற ஓர் இன்மைக் கருதுகோளையும் சேர்த்திருக்கிறீர்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் பத்து ஆய்வேடுகளைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியது என்று தெரிகிறது. உங்கள் சிக்கலில் ஆண், பெண் வேறுபாடு எங்கே வருகிறது? எங்கும் வரவில்லை. பெற்றோர் கல்வி வருகிறதா? வரலாம், எழுத்துத்தமிழ் வீட்டுக்குள் செய்தித்தாளாகவோ உரக்க வாசிக்கும் ஒருவராகவோ நுழைகிறதா என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு. அப்படியானால் ‘பெற்றோர் கல்வி’ என்ற பட்டத்தை அளப்பதைவிட அந்த நுழைவை அளப்பது நேர்வழி. சிக்கல் கூற்றிலிருந்து கயிறு கட்டி இழுத்தால் வராத மாறியை வெட்டிவிடுங்கள்.

எல்லையும் இப்படியே. நான் ஒன்பது கண்மாய்களோடு தொடங்கி இரண்டில் முடித்தேன். குறைத்தபோது வெட்கமாக இருந்தது. இரண்டில் நின்றபோதுதான் முதல்முறையாக ஏதோ தெரிந்தது.

மே 13

நேற்றைய கடைசி வரியைப் படித்துவிட்டு, அந்த இரண்டு கண்மாய்களின் புதிருக்கு விடை என்னவாயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தலைப்பை விட்டு விலகாமல் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்க் கண்மாயில் நீர் நின்றால் கிணறு ஊறும். ஆகவே கிணற்றுக்காரர்களுக்குக் கண்மாயின் மேல் இருந்த அக்கறை குறையவில்லை, வடிவம் மாறியது. அவர்கள் நீர்பாய்ச்சியை வைத்திருந்தது மடையைத் திறப்பதற்காக மட்டும் இல்லை, கண்டபடி திறக்காமல் இருப்பதற்காகவும்தான். கிணறு இல்லாத சிறு விவசாயிகள் அதே ஏற்பாட்டைப் பற்றி வேறு மாதிரிப் பேசினார்கள். ‘கூட்டு நிருவாகம் குலையவில்லை’ என்று நான் குறிப்பேட்டில் எழுதிய பாதி வாக்கியம் அரைப் பிழை என்று அப்போது தெரிந்தது. குலையாமல் நின்றது யாருக்காக நின்றது என்பது, நான் கேட்கத் தவறிய கேள்வி. இறுதி ஆய்வேட்டில் சிக்கல் பகுதியை முற்றிலும் திருப்பி எழுதினேன்.

ஜூன் 9

“பதிவின்போது கொடுத்த சிக்கலை மாற்றலாமா, அனுமதிப்பார்களா?” தலைப்பை மாற்றுவதற்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை உண்டு, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் கூற்று கூர்மையடைவதை யாரும் தடுப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு ஒழுங்குமுறையின்படி பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு. இடையிடையே ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் அட்டவணைகளைக் காட்டுவதற்கு முன் அன்றைய நிலையில் உள்ள சிக்கல் கூற்றைப் படித்துக் காட்டுங்கள். என் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டது முடிவுகளைப் பற்றி இல்லை. ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, “நீங்கள் தொடங்கியபோது எதை நம்பினீர்கள், அதில் எது இப்போது உங்களிடம் இல்லை?” என்று கேட்டார். பென்சில் எழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது.

ஜூலை 14

ஐந்தாவது வரைவு வந்திருக்கிறது. உங்கள் அனுமதியோடு மையப் பத்தியை இங்கே எடுத்து வைக்கிறேன்:

“தொடக்கநிலை வாசிப்பைப் பற்றிய முதன்மையான விளக்கங்கள், எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்தே வாசித்துப் பொருள்கொள்ளலை உருவாக்குகின்றன என்கின்றன. ஆனால் ஒரு கதையை எழுத்துத்தமிழில் தடையின்றி வாசித்தும் பொருள் சொல்ல முடியாத குறைபாடுடைய சில மூன்றாம் வகுப்பு மாணவர்கள், அதே கதையைப் பேச்சுத்தமிழில் கேட்டவுடன் முழுமையாகத் திருப்பிச் சொல்கிறார்கள். இவர்களிடம் மொழித்திறன் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்த விளக்கங்களில் ஒரே விடை கிடைப்பதில்லை. உரக்க வாசிப்பதை மட்டும் அளக்கும் மதிப்பீடுகள் இவர்களை உயர்நிலையில் வைப்பதால், இவர்களுக்குத் தேவைப்படும் உதவி இவர்களைச் சென்றடைவதில்லை. எழுத்துத்தமிழைச் செவிவழிப் புரிந்துகொள்ளும் திறன் தனியான ஒன்றாக நின்று வாசிப்பைத் தீர்மானிக்கிறதா என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொள்ளும் சிக்கல்.”

‘மாவட்டத்தில் யாரும் ஆராயவில்லை’ போய்விட்டது. நான்காம் வாக்கியத்தில் உதவி சென்றடைவதில்லை என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறீர்கள். மதிப்பீட்டுக்குப் பிறகு உங்கள் பள்ளியில் குழு பிரித்த விவரத்தை அதற்குச் சான்றாக இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாக்கியத்தில் ‘குறைபாடுடைய’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். குறை அந்தக் குழந்தையிடமா, நம் அளவுகோலிலா என்பதைத்தான் நீங்கள் இனிமேல் கண்டுபிடிக்கப் போகிறீர்கள். மற்றபடி குழுவுக்கு அனுப்பலாம்.